சொல்லாமல் போன ஒரு சேதி: வட கடல் எண்ணெய் மேடை கற்றுத்தந்த பாடம்



வேலைத்தளத்தில் ஒருவருக்குக் கை நசுங்கிவிட்டது, கால் முறிந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் நாம் முதலில் என்ன சொல்கிறோம்? "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமே" என்கிறோம். இல்லையென்றால் "எல்லாம் தலைவிதி" என்கிறோம். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த விபத்து ஏன் வந்தது, அது திரும்ப வராமல் இருக்க யார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு.

ஒரு விபத்தில் 167 பேர் இறந்த பிறகு அந்தக் கேள்வியை ஒரு நாடே கேட்டது. ஓராண்டுக்கு மேல் விசாரித்தது. கிடைத்த பதில்கள் எண்ணெய் வேலை செய்பவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. இயந்திரத்தோடும் மேலதிகாரியோடும் வேலை செய்கிற எல்லோருக்கும் உரியவை. அதனால்தான் இந்த முறை அந்தக் கதையைப் பாடமாக எடுத்திருக்கிறோம்.

கடலுக்கு நடுவே ஒரு வேலைத்தளம்

பிரித்தானியாவின் வடபகுதி ஸ்கொட்லாந்து. அதன் கிழக்குக் கரையில் அபர்டீன் என்ற நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் மீன்பிடித் துறைமுகம். 1970களில் பக்கத்திலுள்ள வட கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியதும் அது எண்ணெய் நகரமாக மாறியது. கடலடியில் இருக்கும் எண்ணெயை எடுக்க, கடலுக்கு நடுவிலேயே பெரிய இரும்பு மேடைகளை நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட ஒரு மேடைதான் பைப்பர் அல்பா. ஒக்சிடென்டல் என்ற அமெரிக்கக் கம்பனி அதை நடத்தியது. அபர்டீனிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீற்றர் தூரம். 1976ஆம் ஆண்டு அங்கே எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள்.

அங்கே வேலை செய்பவர்கள் ஹெலிகொப்டரில் போய் இறங்குவார்கள். ஒரு ஷிப்ட் 12 மணித்தியாலம். வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த மேடையிலேயே. கிணற்றுக்கும் இயந்திரத்துக்கும் மேலேதான் படுக்கை அறை. வேலைத்தளமும் வீடும் ஒன்றாக இருக்கும்போது ஆபத்து வேலை நேரத்தோடு முடிந்துவிடாது. லயமும் பெக்டரியும் ஒரே தோட்டத்துக்குள் இருக்கிற வாழ்க்கையை அறிந்த நமக்கு இது நன்றாகவே விளங்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேடையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒக்சிடென்டல் கம்பனியின் நிரந்தரத் தொழிலாளர்கள் அல்ல. வேறு வேறு கொந்தராத்துக் கம்பனிகள் அனுப்பிய ஆட்கள்.

இரண்டு பம்பும் ஒரு மூடியும்

1988ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் திகதி. அன்று மேடையில் 226 பேர் இருந்தார்கள்.

எரிவாயுவோடு சேர்ந்து வரும் ஒரு திரவத்தைக் கரைக்கு அனுப்ப அங்கே இரண்டு பம்புகள் இருந்தன. பெற்றோல் போல சட்டென்று தீப்பற்றக்கூடிய திரவம் அது. ஒன்று "ஏ" பம்பு, மற்றது "பி" பம்பு. ஒன்று ஓடினால் போதும், மற்றது மாற்றுக்கு.

அன்று பகலில் "ஏ" பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றிச் சோதனைக்கு எடுத்தார்கள். அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் திறந்து காப்பாற்றுகிற வால்வு அது. வால்வு இருந்த இடத்தில் பைப்பின் வாயை ஓர் இரும்புத் தட்டு வைத்து மூடினார்கள். பம்பை ஓட்டப் போவதில்லை என்பதால் அது அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இறுக்கப்படவில்லை.

பகல் ஷிப்ட் முடிகிற நேரம் வந்தது. வால்வைத் திரும்பப் பூட்டி முடியவில்லை. நாளைக்குச் செய்யலாம் என்று விட்டார்கள். இப்படி ஒரு வேலை பாதியில் நின்றால், அதற்குரிய வேலை அனுமதிச் சீட்டில் எழுதி, அடுத்த ஷிப்டுக்குப் பொறுப்பானவரிடம் நேரே சொல்ல வேண்டும். சீட்டு இருந்தது. ஆனால் விஷயம் போய்ச் சேரவில்லை. நிறுத்திவைத்த வேலைகளின் சீட்டுகள் கட்டுப்பாட்டு அறையில் இல்லாமல் வேறொரு அறையில் வைக்கப்பட்டிருந்தன. "ஏ பம்பிலே வால்வு இல்லை, தொடாதீங்க" என்ற ஒரு வார்த்தையை இரவு ஷிப்டுக்கு யாரும் சொல்லவில்லை.

இரவு 9.45 மணியளவில் "பி" பம்பு நின்றது. எவ்வளவு முயன்றும் ஓடவில்லை. ஒரு பம்பாவது ஓடாவிட்டால் மேடையின் வேலையெல்லாம் நின்றுவிடும். இரவு ஷிப்ட்காரர்கள் "ஏ" பம்பின் சீட்டைத் தேடிப் பார்த்தார்கள். அந்தப் பம்பைப் பெரிதாகப் பழுதுபார்ப்பதற்கான சீட்டு கிடைத்தது. அந்த வேலை இன்னும் தொடங்கவேயில்லை என்பதும் தெரிந்தது. வால்வைப் பற்றிய சீட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. கழற்றிய இடமோ பம்புக்கு மேலே, பார்வைக்கு மறைவாக இருந்தது. "அப்ப இதை ஓட்டலாம்" என்று ஓட்டினார்கள்.

இரும்புத் தட்டின் இடுக்கால் வாயு சீறி வெளியேறியது. இரவு 10 மணிக்கு முதலாவது வெடிப்பு. விசாரணையில் பல சாத்தியங்களை ஆராய்ந்து, பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

இதில் வேண்டுமென்று தவறு செய்தவர் யார்? யாருமில்லை. பகல் ஆள் தன் வேலையைச் செய்தார். இரவு ஆள் தன் வேலையைச் செய்தார். இரண்டு பேருக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் வெடித்தது.

சின்னத் தீ பெருந்தீயானது எப்படி?

முதல் வெடிப்பில் இறந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் பிழைத்திருக்கலாம். ஏன் பிழைக்கவில்லை என்று பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல குறைகள் தெரிகின்றன.

முதலாவது, சுவர். பைப்பர் அல்பா முதலில் எண்ணெய்க்காகக் கட்டிய மேடை. பிறகுதான் எரிவாயு வேலையும் அங்கே சேர்க்கப்பட்டது. பகுதிகளுக்கு நடுவே இருந்த சுவர்கள் தீயைத் தாங்குமே தவிர வெடிப்பைத் தாங்காது. முதல் வெடிப்பிலேயே சுவர் உடைந்து கட்டுப்பாட்டு அறையும் பயனற்றுப் போனது. ஒலிபெருக்கியில் அறிவித்தல் கொடுக்கக்கூட வழியில்லை.

இரண்டாவது, தண்ணீர். தீ வந்தால் கடல் தண்ணீரை இறைத்துத் தெளிக்கும் பம்புகள் இருந்தன. அவை தானாக ஓடாதபடி மாற்றி வைத்திருந்தார்கள். காரணம், கடலுக்கு அடியில் சுழியோடிகள் வேலை செய்தால் பம்பு அவர்களை இழுத்துவிடும் என்ற பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் சுழியோடிகள் பம்பின் வாய்க்குப் பக்கத்தில் போகிற நேரத்துக்கு மட்டும் அதை நிறுத்தினால் போதும். அதைவிட அதிக நேரம் நிறுத்துவது பழக்கமாகிவிட்டது. இந்தப் பழக்கத்தை மாற்றும்படி முன்பே சொல்லப்பட்டும் மாற்றவில்லை. அன்று பம்பை ஓட்டப் போனவர்களால் தீயைத் தாண்டிப் போக முடியவில்லை.

மூன்றாவது, பக்கத்து மேடைகள். டார்ட்டன், கிளேமோர் என்ற இரண்டு மேடைகள் குழாய்களால் பைப்பர் அல்பாவோடு இணைந்திருந்தன. தூரத்தில் தீ எரிவது தெரிந்தும் அங்கிருந்தவர்கள் உடனே அனுப்புவதை நிறுத்தவில்லை. உற்பத்தியை நிறுத்துவது பெரிய விஷயம். மேலிடத்தைக் கேட்காமல் செய்யத் தயங்கினார்கள். இரவு 10.20 மணியளவில் டார்ட்டனிலிருந்து வந்த எரிவாயுக் குழாய் தீயின் சூட்டில் வெடித்தது. அதற்குப் பிறகு மேடையைக் காப்பாற்ற எவராலும் முடியாது போயிற்று.

நான்காவது, பயிற்சி. ஆபத்து வந்தால் தங்குமிடத்தில் கூடுங்கள், ஹெலிகொப்டர் வரும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதன்படி ஆட்கள் அங்கே கூடினார்கள். புகையால் ஹெலிகொப்டர் இறங்க முடியவில்லை. வெளியேறுங்கள் என்று சொல்லவும் எவருமில்லை. இறந்தவர்களில் நூற்றுக்கும் அதிகமானோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. பிழைத்தவர்களில் பலர் கயிற்றைப் பிடித்து இறங்கியவர்களும், உயரத்திலிருந்து இருட்டுக் கடலில் குதித்தவர்களும்தான். ஒத்திகைகள் உரிய காலத்தில் நடத்தப்படவில்லை, புதிதாக வருகிறவர்களுக்குத் தப்பும் வழி சரியாகக் காட்டப்படவில்லை என்று பிறகு விசாரணையில் தெரியவந்தது.

மேடையில் இருந்தவர்களில் 61 பேர் உயிர் பிழைத்தார்கள். 165 பேர் இறந்தார்கள். காப்பாற்றப் போன படகிலிருந்து மேலும் இருவர் இறந்தார்கள். 30 பேரின் உடல் கிடைக்கவேயில்லை.

முன்பே வந்த எச்சரிக்கை

பெரிய விபத்து சொல்லாமல் வருவதில்லை. அதற்கு முன் சின்ன விபத்து வந்து கதவைத் தட்டும்.

பைப்பர் அல்பாவிலும் தட்டியது. 1987ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே மேடையில் ஒரு தொழிலாளி வேலையின்போது இறந்தார். அந்தச் சாவை ஆராய்ந்தபோது, வேலை அனுமதிச் சீட்டு முறையிலும் ஷிப்ட் மாறும்போது விஷயத்தைச் சொல்லும் முறையிலும் குறை இருந்தது வெளிப்பட்டது. வழக்கு நடந்தது. கம்பனி 1988இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, அதே மாதிரிக் குறைதான் 167 உயிரைக் கொண்டுபோனது.

ஒரு சாவு போதாதா பாடம் படிக்க? இந்தக் கேள்வியை நாம் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்வையிட வந்தவர் என்ன பார்த்தார்?

விபத்துக்குச் சற்று முன்பு, 1988 ஜூன் மாதத்தில், அரசாங்கப் பரிசோதகர் ஒருவர் பைப்பர் அல்பாவுக்குப் போயிருந்தார். முந்தைய சாவுக்குப் பிறகு என்ன திருத்தம் செய்தார்கள் என்று பார்ப்பதும் அவருடைய வேலைகளில் ஒன்று. திருப்தி என்று வந்துவிட்டார். இப்படிப்பட்ட பரிசோதனை மேலோட்டமானது, பாதுகாப்பை அளந்து பார்க்க உதவாது என்று விசாரணை அறிக்கை கடுமையாகக் குறை சொன்னது.

ஒரு தனி ஆளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பரிசோதகர்கள் மிகக் குறைவு, மேடைகளோ அதிகம். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. அந்தப் பரிசோதகர்கள் பிரித்தானிய எரிசக்தி அமைச்சின் கீழ் வேலை செய்தார்கள். நாட்டில் எண்ணெய் உற்பத்தியைக் கூட்டுவதும் அதே அமைச்சின் பொறுப்புத்தான். ஒரு கையால் "இன்னும் எடு, இன்னும் எடு" என்று சொல்லிக்கொண்டு, மறு கையால் "நிறுத்து, ஆபத்து" என்று எப்படிச் சொல்வது? கொழுந்து நிறுக்கிறவரே தராசையும் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுத்தால் எப்படியிருக்கும்? அந்தக் கதைதான்.

மேற்பார்வை என்பது உற்பத்திக் கணக்குக்குக் கட்டுப்படாத கண்ணாக இருக்க வேண்டும். அந்தக் கண் தாளை மட்டும் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். இயந்திரத்தோடு வேலை செய்கிற ஆளையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

வாய் திறக்கப் பயம்

குறை இருந்தது தொழிலாளர்களுக்குத் தெரியாதா? பலருக்குத் தெரியும். சொல்லத்தான் பயம்.

வட கடல் தொழிலாளர்களுக்குள்ளே மூன்று எழுத்தில் ஒரு சொல் உண்டு: "என்.ஆர்.பி." "இந்த ஆள் திரும்பத் தேவையில்லை" என்பது அதன் கருத்து. குறை சொல்கிற கொந்தராத்துத் தொழிலாளியின் பேருக்கு நேரே அந்த மூன்று எழுத்து விழுந்தால், அடுத்த முறை ஹெலிகொப்டரில் அவருக்கு இடமில்லை. நம்ம பாஷையில் சொன்னால் "பேரை வெட்டுறது". வீட்டில் பிள்ளை குட்டி இருக்கிறவன் "நமக்கேன் வம்பு" என்று வாயை மூடிக்கொள்வான். அவன் மூடிக்கொண்ட வாய்க்குள்ளே பத்துப் பேரின் உயிர் இருக்கலாம்.

ஆகவே, "தொழிலாளி கவனமாக இருக்க வேண்டும்" என்று சொல்வது மட்டும் போதாது. கவனித்ததைச் சொன்னால் வேலை போகாது என்ற உறுதி இருக்க வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் சுவரில் எத்தனை பாதுகாப்பு அறிவித்தல் ஒட்டினாலும் அது வெறும் காகிதம்தான்.

பிறகு என்ன மாறியது?

கலன் பிரபு என்ற ஸ்கொட்லாந்து நீதிபதியின் தலைமையில் விசாரணை நடந்தது. 1990 நவம்பரில் அறிக்கை வெளிவந்தது. 106 சிபார்சுகள் சொல்லப்பட்டன. அரசாங்கம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. முக்கியமான சில மாற்றங்கள் இவை:

1. கடல் மேடைகளின் பாதுகாப்பு மேற்பார்வை 1991ஆம் ஆண்டு எரிசக்தி அமைச்சிடமிருந்து எடுக்கப்பட்டு, எல்லாத் தொழிலிலும் பாதுகாப்பைக் கவனிக்கிற தனி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

2. 1992இல் வந்த விதிகளின்படி, ஒவ்வொரு மேடையையும் நடத்துகிறவர் தன் மேடையில் என்னென்ன ஆபத்து இருக்கிறது, அதை எப்படித் தடுக்கிறோம் என்று எழுதிக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். "சட்டத்தில் சொன்னதைச் செய்துவிட்டேன்" என்று தப்பிக்க முடியாது. பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் பொறுப்பு நடத்துகிறவர் தலையில் வந்தது.

3. 1989இல் வந்த விதிகளின்படி, தொழிலாளர்கள் தாங்களே வாக்களித்துப் பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தெரிவு செய்யலாம். கொந்தராத்துத் தொழிலாளர்களுக்கும் இந்த உரிமை உண்டு.

இதெல்லாம் சும்மா கிடைக்கவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களும் பிழைத்தவர்களும் ஒரு சங்கமாகச் சேர்ந்து கேள்வி கேட்டார்கள். கடல் தொழிலாளர்கள் 1989, 1990ஆம் ஆண்டுகளில் மேடைகளிலேயே உட்கார்ந்து போராட்டம் நடத்தினார்கள். பலர் அதனால் வேலையை இழந்தார்கள்.

எல்லா நியாயமும் கிடைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 167 பேரின் சாவுக்காகக் கம்பனி மீது குற்றவியல் வழக்குத் தொடரப்படவில்லை. பிழைத்தவர்கள் பலருக்குத் தீக்காயம் ஆறியது, மனக்காயம் ஆறவில்லை. தூக்கத்தில் அலறி எழும் கணவனைப் பார்த்துக்கொண்ட மனைவிமாரும், அப்பா ஏன் பேசாமல் இருக்கிறார் என்று தெரியாத பிள்ளைகளும் அந்த விபத்தில் காயப்பட்டவர்கள்தான். அபர்டீனில் உள்ள ஹேசில்ஹெட் பூங்காவில் 1991ஆம் ஆண்டு திறந்த நினைவுச் சின்னத்தில் 167 பேரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

வட கடலின் மறுகரையில் நோர்வே நாடு இருக்கிறது. அங்கே 1977ஆம் ஆண்டுச் சட்டமே, தொழிலாளர் தெரிவு செய்த பாதுகாப்புப் பிரதிநிதிக்கு ஓர் அதிகாரம் கொடுத்தது. உடனடி ஆபத்து என்று கண்டால் அவர் வேலையை நிறுத்தலாம். பைப்பர் அல்பாவின் கதையைப் படித்த பிறகு இந்த அதிகாரத்தின் பெறுமதி விளங்கும். "நிறுத்து" என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருந்தால், அவர் மேலிடத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நாம் மனதில் வைக்க வேண்டியவை

வேலையைப் பாதியில் விட்டுப் போகும்போது அடுத்து வருகிறவரை நேரே கண்டு, வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எழுதி வைத்தது மட்டும் போதாது. அவர் விளங்கிக்கொண்டாரா என்று கேட்க வேண்டும்.

கழற்றி வைத்த இயந்திரத்தை வேறொருவர் ஓட்ட முடியாதபடி பூட்டுப் போட வேண்டும். பைப்பர் அல்பாவில் அப்படிப் பூட்டும் முறை இருக்கவில்லை. ஒரு பூட்டும் ஓர் அட்டையும் இருந்திருந்தால், சொல்ல மறந்த வார்த்தையை அவை சொல்லியிருக்கும்.

சின்னக் காயத்தையும், மயிரிழையில் தப்பியதையும் மறைக்கக் கூடாது. அதைப் பதிவு செய்ய வேண்டும். இன்றைக்கு விரல் நசுங்கிய இடத்தில் நாளைக்குக் கை போகலாம்.

நிரந்தரத் தொழிலாளி, கைக்காசுத் தொழிலாளி, கொந்தராத்து ஆள் என்று ஆபத்து பார்ப்பதில்லை. பயிற்சியும் பாதுகாப்பும் எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும்.

குறையைத் தனியாளாகச் சொல்லப் பயமாக இருந்தால், சேர்ந்து சொல்லுங்கள். திகதி, இடம், பார்த்த விஷயம் மூன்றையும் எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் சங்கத்திலும் பேசிப் பாருங்கள்

1. பைப்பர் அல்பாவில் இரவு ஷிப்ட்காரர்களுக்குத் தெரியாமல் போன விஷயம் என்ன? அது அவர்களிடம் போய்ச் சேர எத்தனை வழி இருந்தது?

2. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஓர் இயந்திரத்தைத் திருத்தும்போது வேறொருவர் அதை ஓட்டாமல் இருக்க என்ன ஏற்பாடு இருக்கிறது?

3. கடந்த ஒரு வருடத்தில் "நல்ல வேளை தப்பிச்சோம்" என்று நீங்கள் சொன்ன சந்தர்ப்பம் எது? அதற்குப் பிறகு எதாவது திருத்தினார்களா?

4. பார்வையிட வருகிற உத்தியோகத்தர் தொழிலாளியிடம் பேசுகிறாரா? பேசினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

5. தீயோ வேறு ஆபத்தோ வந்தால் உங்கள் வேலைத்தளத்தில் வெளியேறும் வழி எது? நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கும் அது தெரியுமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளைக்குப் பிரட்டில் நிற்கும்போது கேளுங்கள். காலையில் வேலைக்குப் போனவர் பின்னேரம் முழு உடம்போடு வீட்டுக்கு வர வேண்டும். அதைக் கேட்பது சலுகை அல்ல, தொழிலாளியின் உரிமை.